பின்சீட்டின் எடை

சிலமலையில் சேவல் கூவுவதற்கு முன்னாலேயே ஜீப் வந்துவிடும். விடியற்காலை நாலு, நாலரை இருக்கும். ஹாரன் அடிக்க மாட்டார்கள். தெருமுனையில் நிறுத்தி ஆக்சிலேட்டரை ரெண்டு தடவை அழுத்துவார்கள், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கே பெண்கள் தூக்குவாளியும் மழைத்தாளுமாக வந்து ஏறுவார்கள். "நகண்டு உக்காரு மதினி, இன்னும் ரெண்டு பேரு வரணும்ல" என்று ஒரு குரல் எப்போதும் கேட்கும். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினைந்து பேர் ஏறிய பிறகும் அந்த ரெண்டு பேருக்கு இடம் இருக்கும். போடிமெட்டு வழியாக மேலே போய், கேரளத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுக்கக் காய் எடுத்து, களை வெட்டி, இருட்டுகிற நேரத்தில் அதே வண்டியில் இறங்குவார்கள்.

இந்த ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர்களின் ஒரு சண்டை ரொம்ப நாள் புரியவே இல்லை. முன்சக்கர டிரைவா, பின்சக்கர டிரைவா, ஃபோர் வீல் டிரைவா, எது உசத்தி? பின்சக்கரம் தள்ளுகிற வண்டியில்தான் ஓட்டுகிற ருசி இருக்கிறது என்பான் ஒருவன். முன்சக்கரம் இழுக்கிற வண்டிதான் மைலேஜுக்கும் மழைக்கும் நல்லது என்பான் இன்னொருவன். மூன்றாமவன் எதுவும் பேசமாட்டான். ஃபோனில் சேற்றைக் கிழித்துக்கொண்டு போகும் தார் வீடியோவைக் காட்டிவிட்டு டீயைக் குடிப்பான்.

ஒருநாள் இதையே எங்கள் தெருவில் ட்ரிப் ஜீப் ஓட்டும் அண்ணனிடம் கேட்டேன். பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "ஆளு ஏறுனா ரெண்டு வீலே போதும்டா தம்பி. ஆளு இல்லைன்னாத்தான் நாலு வேணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பல வருஷம் கழித்துக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் இந்த மலையின் போக்குவரத்து வரலாறு பாதி இருப்பது தெரிந்தது.

சக்கரம் வருவதற்கு முன்

போடி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே தலையை நிமிர்த்தினால் தெரிகிற போடிமெட்டு அதைவிட ஒரு கிலோமீட்டர் உயரம். மலை விளிம்பைக் கடக்கும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் மெட்டு என்று பெயர்: போடிமெட்டு, தேவாரம்மெட்டு, கம்பம்மெட்டு. எல்லாமே முதலில் நடைபாதைகள். ஏலக்காய் விளைவது மேலே, காயை வாங்கி விற்கும் சந்தை கீழே. 1897-ல் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காடுகளைக் காப்புக்காடாக அறிவித்தபோதும் அந்தக் காட்டின் வாசல் போடிதான். காய் தலைச்சுமையாகவும் பொதிக்கழுதை முதுகிலும் இறங்கியது. அரிசியும் உப்பும் அதே வழியில் ஏறின.

கழுதையைச் சும்மா நினைக்கக் கூடாது. நாலு காலிலும் உந்துவிசை. ஒரு குளம்பு சறுக்கினால் மற்ற மூன்றும் பிடித்துக்கொள்ளும். பொதி முதுகின் நடுவில் உட்கார்வதால் எடை முன்னும் பின்னும் பங்காகும். வேகம் கிடையாது, ஆனால் ஏறும். போடி மலைகளில் வண்டிப்பாதை இல்லாத குக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் இன்றைக்கும் குதிரை முதுகில்தான் போகிறது. தேர்தலுக்குத் தேர்தல் அந்தப் புகைப்படம் பத்திரிகையில் வரும்.

வடக்கே குரங்கணிப் பக்கம் வேறு ஒரு கதை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். அங்கே தேயிலை வளர்ந்தது. அதை இறக்க ஒரு வழி வேண்டும். 1902-ல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. பெரும்பகுதி எடை ஒரே தண்டவாளத்தின்மேல். பக்கத்தில் தரையில் உருளும் ஒரு சக்கரம் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்தது மாடு. 1908-ல் இரண்டு அடி அகலத் தண்டவாளம் போட்டு, நீராவி இஞ்சின் வந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. மறுபடி அதை யாரும் கட்டவில்லை. நாலு வருஷம் கழித்து, 1928-ல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது.

ஆக, சமவெளியில் ரயில் இருந்தது, மலை உச்சியில் தோட்டம் இருந்தது. நடுவில் இருந்த அந்த ஒரு கிலோமீட்டர் உயரம்தான் யாருக்கும் அடங்கவில்லை. 

ரெண்டு குட்டி லீவர்

நாலு சக்கரத்துக்கும் விசை தருவது ஜீப்புக்கு முன்பே உண்டு. 1900-ல் இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே நாலு சக்கரத்திலும் மின்மோட்டார் வைத்து ஒரு வண்டி கட்டினார். 1903-ல் ஹாலந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் பெட்ரோல் இஞ்சினில் அதைச் செய்தது, அதுவும் பந்தயத்துக்காக. ஆனால் ஊர் உலகத்துக்கு அதைக் கொண்டுசேர்த்தது போர். 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு இலகுவான நாலுசக்கர வண்டி கேட்டது. பேன்டம் என்ற சின்ன நிறுவனம் செப்டம்பர் 23 அன்று முதல் மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆர்டரின் பெரும்பங்கு கடைசியில் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள்.

அந்த வண்டியின் சூட்சுமம் கியர் லீவருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு குட்டி லீவர்கள். ஒன்று முன்சக்கரங்களுக்கும் விசையைத் திறந்துவிடும். இன்னொன்று "லோ". இஞ்சின் 60 குதிரைத்திறன்தான். ஆனால் முதல் கியரில் லோவைப் போட்டால், இஞ்சினின் முறுக்குவிசை சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது சுமார் 25 மடங்காகப் பெருகும். வேகம் அதே விகிதத்தில் குறையும். பொதிக்கழுதையின் நடையை இரும்பில் செய்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

இந்தியாவுக்கு ஜீப் வந்த கதையில் தேசப்பிரிவினையும் கலந்திருக்கிறது. 1945-ல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும் பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-ல் நிறுவனம் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. நாற்பதுகளின் கடைசியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கி பம்பாயில் பூட்ட ஆரம்பித்தார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் சர்ச்சை என்று சொல்லப்படுவதும் 1948-ன் ராணுவ ஜீப் கொள்முதல்தான். அவ்வளவு தேவை இருந்தது அந்த வண்டிக்கு.

பிறகு டீசல் வந்தது. எண்பதுகளில் வந்த எம்எம் 540-ல் பெஜோ நிறுவனத்தின் 2112 சிசி டீசல் இஞ்சின். நீளமான உடம்போடு கமாண்டர் வந்தது. பின்னால் எதிரெதிராக ரெண்டு பெஞ்சு. இங்கேதான் நம் கதைக்கு முக்கியமான ஒரு திருப்பம். ஃபோர் வீல் வண்டியோடு, பின்சக்கரம் மட்டும் ஓடும் டூ வீல் வண்டியையும் விற்றார்கள். விலை குறைவு, எடை குறைவு, டீசல் கொஞ்சம் மிச்சம். கூலிக்கு ஆள் ஏற்றுகிறவர் எதை வாங்குவார்? அது ஏறுமா என்ற சந்தேகம் ஒன்றுதான் பாக்கி.

நாலுக்கு ஒன்று ஏற்றம்

இப்போது அண்ணன் சொன்ன கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான்.

நாலு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் மண்பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஸ்டேட் பாதைகளில் இது அதிசயமில்லை. வண்டி ஏற வேண்டுமென்றால், சக்கரங்கள் தரையைத் தள்ளுகிற விசை, ஏறக்குறைய வண்டியின் மொத்த எடையில் 25 சதவீதம் இருக்க வேண்டும். ஈர மண்ணில் ஒரு டயருக்குக் கிடைக்கும் பிடி, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் எடையில் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விசை கிடைக்கும் சக்கரங்களின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது? எல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

முன்சக்கர டிரைவ் சின்னக் காரில், சமதரையில் நூற்றுக்கு 60 பங்கு எடை முன்னால் இருக்கும். இஞ்சினும் கியர்பாக்ஸும் அங்கேதானே. அதனால்தான் மதுரை மழையில் அது சமர்த்தாகப் போகிறது. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்கிறது; 60 என்பது 54 ஆகிறது. அதில் 40 சதவீதம் என்றால் 21.6. நமக்கு வேண்டியது 25. ஏறாது. பின்சீட்டில் மூன்று நண்பர்கள் உட்கார்ந்தால் முன்சக்கரம் இன்னும் இளைக்கும். இப்படிப்பட்ட காரை ரிவர்ஸில் ஏற்றும் வித்தையை மலையூரில் பழையவர்கள் சொல்லித்தருவது இதனால்தான். பின்னோக்கி ஏறும்போது இழுக்கிற சக்கரம் கீழ்ப்பக்கம் வந்துவிடும், எடை அதன்மேல் சாயும்.

டூ வீல் ஜீப், காலி வண்டி. எடை 1300 கிலோ, முன்னும் பின்னும் பாதிப்பாதி. ஏற்றத்தில் பின்பக்கம் 57 ஆகிறது. 40 சதவீதம் என்றால் 22.8. இதுவும் ஏறாது. பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அங்கேயே நிற்கும்.

இப்போது பின்னால் 12 பேரை ஏற்றுங்கள். ஆளுக்கு 50 கிலோ என்றால் 600 கிலோ. ஏறக்குறைய எல்லாமே பின் ஆக்சிலின் மேல். பின்பங்கு சமதரையிலேயே 66 ஆகிவிடும், ஏற்றத்தில் 73. அதில் 40 சதவீதம் என்றால் 29. வேண்டியது 25. ஏறிவிடும்.

ஃபோர் வீல் ஜீப்புக்கு இந்தக் கவலையே இல்லை. மொத்த எடையும் விசை உள்ள சக்கரங்கள் மேல்தான். காலியோ நிறைவோ, நாற்பதும் நாற்பதுதான்.

"ஆளு ஏறுனா ரெண்டு வீலே போதும்." அண்ணன் சொன்னது இதைத்தான். முன் ஆக்சிலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கொடுக்க வேண்டிய காசை மிச்சப்படுத்தி, அந்த வேலையைப் பின்பெஞ்சுப் பெண்களின் உடம்பிடம் வாங்கிக்கொண்டது வண்டி. அவர்கள் அதில் பயணி மட்டும் என்று நினைத்திருந்தேன். பிடியே அவர்கள்தான்.

வேகத்தின் பக்கம்

அப்படியானால் நண்பர்களின் சண்டை வீண்தானா? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது, சுவாரசியமான வரலாறு.

எண்பதுகள் வரை ஃபோர் வீல் டிரைவ் என்றால் விவசாயிக்கும் சிப்பாய்க்கும் உரிய சமாச்சாரம். 1976-77 குளிர்காலத்தில் ஃபின்லாந்துப் பனியில் சோதனை ஓட்டம் நடத்திய ஆடி பொறியாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். கூடவே வந்த இல்டிஸ் என்ற 75 குதிரைத்திறன் ராணுவ வண்டி, அதைவிட மிக வலிமையான கார்களைப் பனியில் திணறவிட்டது. அதிலிருந்து யோர்க் பென்சிங்கருக்கு வந்த யோசனைதான் 1980-ல் ஜெனீவாவில் குவாட்ரோவாக நின்றது. ராலி உலகம் தலைகீழானது. 1981-ல் மிஷேல் மூட்டோன் அந்த வண்டியில் சான்ரெமோ ராலியை வென்று, உலக ராலிப் போட்டி ஒன்றை வென்ற முதல் பெண் ஆனார். 1983-ல் பின்சக்கர டிரைவ் லான்சியா 037 தயாரிப்பாளர் பட்டத்தைத் தட்டிச்சென்றது. இரண்டு சக்கர வண்டியின் கடைசிப் பெரிய சிரிப்பு அது.

குவாட்ரோவும் நம் ஜீப்பும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட நீளமான வட்டத்தில் ஓடும். குவாட்ரோவில் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் இருந்து அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும். பழைய ஜீப்பில் அது இல்லை. ஃபோர் வீல் போட்டுவிட்டுத் தார்ச்சாலையில் கொண்டை ஊசி வளைவு திருப்பினால் ஸ்டியரிங் கல்லாகும், டயர் தேயும், ஜாயின்ட் உடையும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த இறுக்கத்தைத் தீர்த்துக்கொள்ளும். அதனால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஃபோர் வீல் ஜீப்பே ரெண்டு சக்கரத்தில்தான் ஏறும். எஸ்டேட் மண்பாதை தொடங்கும் இடத்தில்தான் லீவரைத் தொடுவார்கள். அதிலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால், சாதாரண டிஃபரன்ஷியல் விசையை அந்த அந்தரச் சக்கரத்துக்கே கொட்டிவிடும். "கிரவுன் எளக்காரம் பாக்கும், எது லேசோ அங்கிட்டு ஓடிரும்" என்பார் அண்ணன்.

இந்தியாவிலும் அதே பத்தாண்டில்தான் இந்த மூன்று பாதைகளும் பிரிந்தன. அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கரத்தில் ஓடிய நாட்டுக்கு 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து முன்சக்கர டிரைவைப் பழக்கியது. 1985-ல் வந்த ஜிப்ஸி ராணுவத்துக்கும் ராலிக்காரர்களுக்கும் செல்லப்பிள்ளை ஆனது. இலகுவான உடம்பு, நாலு சக்கரம். ஓட்டுகிற ருசிக்கு மண்பாதையைத் தேடிப் போகும் கூட்டம் அப்போதுதான் பெருகியது.

ருசி என்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். தார்ச்சாலை வளைவுகளில் பின்சக்கர டிரைவ் இனிமையானது. திருப்புகிற வேலையும் தள்ளுகிற வேலையும் தனித்தனிச் சக்கரங்களுக்குப் போவதால் ஸ்டியரிங் பேசும். நகரத்துக்கும் மழைச்சாலைக்கும் முன்சக்கரம் போதும். ஃபோர் வீல் டிரைவ் வேண்டியிருப்பது சாலை இல்லாத இடத்தில். அந்த இடத்துக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்கள் உண்டு. அங்கேயே வாழ்கிறவர்களும் உண்டு.

இறக்கம்

கணக்கின் மறுபக்கத்தை இன்னும் சொல்லவில்லை. பின்பக்கம் 73 பங்கு எடை என்றால் முன்பக்கம் 27. ஸ்டியரிங் இருப்பது அங்கேதான். பின்னால் படியில் ரெண்டு பேர் தொங்கினால் முன்சக்கரம் இன்னும் லேசாகும். ஏற்றத்தில் திருப்பினால் திரும்பாது.

இறக்கம் அதைவிட மோசம். ஏறுவதில் நாலு சக்கரத்துக்கும் ரெண்டு சக்கரத்துக்கும் இருக்கிற வித்தியாசம் பிரேக்கில் கிடையாது. எந்த வண்டியானாலும் பிரேக் நாலு சக்கரத்திலும் இருக்கிறது. 1900 கிலோ வண்டி ஒரு கிலோமீட்டர் உயரம் இறங்கும்போது அந்த ஆற்றல் முழுக்க வெப்பமாகத்தான் தீர வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் காய்ந்து, மிதி பஞ்சாகிவிடும். காப்பாற்றுவது கியர்தான்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. லோ கியர் உள்ள ஃபோர் வீல் ஜீப்பின் மெய்யான நன்மை எனக்குத் தெரிந்து இங்கேதான். மண்பாதை இறக்கத்தில் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டூ வீல் ஜீப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏறும்போது பிடியாக உதவிய அதே 600 கிலோ, இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளும்.

தோட்ட ஜீப் பள்ளத்தில் உருண்ட செய்தி படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். செய்தி வந்த வாரம் கெடுபிடி இருக்கும், ஆளை எண்ணுவார்கள். பிறகு பழையபடி "இன்னும் ரெண்டு பேரு". டிரைவரை மட்டும் திட்டுவது எளிது. ஆள் கூடினால்தான் ட்ரிப்புக்குக் கட்டும்; ஆள் கூடினால்தான் வண்டியும் ஏறும். வயிறும் இயற்பியலும் ஒரே பக்கம் நின்று "ஏத்து" என்கின்றன. 1956-ல் எல்லைக்கோடு போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. வேலை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். அந்தக் கோட்டைத் தினமும் இருட்டில் ரெண்டு தடவை கடப்பது இந்த ஜீப்தான்.

அதே நாலரை மணி

2010-ல் தார் வந்தது, 2020-ல் புதிய தார். சறுக்குகிற சக்கரத்தைத் தானே பிரேக் போட்டு நிறுத்தி, விசையை மற்ற சக்கரத்துக்கு அனுப்பும் மூளை அதில் இருக்கிறது. 2023-ல் பின்சக்கரம் மட்டும் ஓடும் தார் குறைந்த விலையில் வந்தபோது நண்பர்கள் சிரித்தார்கள்: "இது என்னடா வேஷம்?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. கமாண்டர் காலத்திலேயே பார்த்த வேஷம்தான். என்ன, இந்தத் தாரின் பின்சீட்டில் பன்னிரண்டு பேர் ஏறப்போவதில்லை.

கொழுக்குமலைக்குப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தோட்டம் தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டி போகும் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். குரங்கணியிலிருந்து ஏற வேண்டுமென்றால் நடைதான். சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்றால் இருட்டிலேயே ஜீப் ஏற வேண்டும். பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் முதுகெலும்பு கழன்றுவிடும்போல இருக்கும். எல்லோரும் கத்துவார்கள், வீடியோ எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன்.

அந்தப் பயணத்தில் ஒரு மேட்டில் வண்டி திணறியது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காருங்க" என்றார். தள்ளி உட்கார்ந்தோம். சக்கரம் மண்ணைக் கவ்வியது, வண்டி ஏறியது. மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் மணி பார்த்தேன். நாலே முக்கால். சிலமலையில் ஜீப் இந்நேரம் கிளம்பியிருக்கும்.